துரு நோய்க்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை

போன வாரம் கோத்தகிரியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ரோஜா இலையில் துரு பிடித்திருக்கிறது என்று அந்த அம்மா இரும்புத் தொட்டியை மாற்றி, தண்ணீருக்கு வடிகட்டி வாங்கி, கொடியைக் கட்டியிருந்த கம்பியையும் கழற்றிப் போட்டிருந்தார். இந்த மாதத்தில் இப்படி நான்காவது வீடு. இன்னொரு வீட்டில் நேர்மாறு: இலை மஞ்சளாகிறது, இரும்புச் சத்துக் குறைவு என்று யாரோ சொல்ல, இரும்பு சல்பேட்டைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள்.

தயவுசெய்து கேளுங்கள். துரு என்பது நிறத்தைப் பார்த்து வைத்த பெயர், அவ்வளவுதான். இது பிராக்மிடியம் என்னும் பூஞ்சாணம். தண்ணீரில் இரும்பு இருந்தாலும் வரும், இல்லாவிட்டாலும் வரும். ஆணி, கம்பி, பழைய டின் எதுவும் காரணமில்லை. காபிச் செடியிலிருந்து ஒட்டியதா என்றும் கேட்கிறார்கள். 1869இல் இலங்கையில் தலைகாட்டி, பிறகு அங்கே காபி விவசாயத்தையே ஒழித்த துரு வேறு பூஞ்சாணம். அது ரோஜாவில் ஏறாது. ரோஜாத் துரு வாழ வேறு செடியே தேவையில்லை, ரோஜாவே போதும்.

அந்த அம்மாவின் செடியில் மேலிருந்து பார்த்தால் வெளிர்மஞ்சள் பொட்டுகள்தான் தெரிந்தன. இலையைத் திருப்பினேன். கடுகைவிடச் சிறிய ஆரஞ்சுக் கொப்புளங்கள். வெள்ளைக் காகிதத்தில் தேய்த்ததும் மஞ்சள்தூள் பட்டதுபோல ஒரு கோடு விழுந்தது. இதுதான் சோதனை. ரோஜாவின் இன்னொரு நோயான கரும்புள்ளியில் புள்ளி இலையின் மேற்புறத்தில், ஓரம் பிசிறாக இருக்கும். தேய்த்தால் ஆரஞ்சுத் தூள் வராது. ஆனால் நாளானால் துருக் கொப்புளமும் கறுத்துவிடும். அப்போதும் அது அடிப்பக்கத்தில்தான் இருக்கும். தண்டும் இலைக்காம்பும் வீங்கி வளைந்து ஆரஞ்சாக இருந்தாலும் துருதான். வேலியோரக் காட்டு ரோஜாவில் காயையும் பாருங்கள்.

சரி, என்ன செய்வது? நோய் கண்ட இலையைக் கிள்ளிப் பையில் போட்டுக் கட்டுங்கள். உரக்குழியில் போடவே வேண்டாம். வீங்கிய தண்டை வெட்டிக் கவாத்து செய்யுங்கள். உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளுங்கள், அடுத்த பருவத்துக்கான பூஞ்சாண வித்து அதில்தான் காத்திருக்கிறது. சாயங்காலம் இலை நனையத் தண்ணீர் தெளிக்கும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள்; காலையில் வேரில் ஊற்றினால் போதும். பனிமூட்டமும் குளிரும் உள்ள மலையில் இலை ஏற்கெனவே ஈரமாகத்தான் இருக்கிறது. மாங்கோசெப் என்னும் பூஞ்சாணக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து, இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். கையுறை, முகக்கவசம் கட்டாயம். வந்த கொப்புளம் அதில் மறையாது, புது இலையைத்தான் அது காக்கும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள்: போனில் படம் அனுப்புகிறவர்கள் இலையின் அடிப்பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள். மேல்பக்கத்தை மட்டும் பார்த்து என்னால் எதுவும் சொல்ல முடிவதில்லை.