புது சப்வூஃபர் வாங்கும் முன் சோபாவை நகர்த்திப் பாருங்கள்

ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை, "பேஸ் பத்தலை" என்பது. பேஸ் என்றால் இடி, டிரம் போன்ற தாழ்ந்த, கனத்த ஒலி. அதே வீட்டில், அதே படத்தை மூலையில் நாற்காலி போட்டுப் பார்த்தவரைக் கேட்டால் "காதை அடைக்குது" என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் சோபாவில் உட்கார்ந்திருப்பவர்தான் கடைக்குப் போகிறார். பேஸுக்கென்றே இருக்கும் ஸ்பீக்கரான சப்வூஃபரில் 8 அங்குலத்தைக் கொடுத்துவிட்டு 12 அங்குலம் வாங்குகிறார், 100 வாட் ஆம்ப்ளிஃபையருக்குப் பதில் 200 வாட் எடுக்கிறார். வீட்டில் வந்து மாட்டினால் மூலையில் இன்னும் அதிர்கிறது. சோபாவில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

வாட் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். சக்தியை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். கவனித்துக் கேட்டால் தெரியும் அளவு, அவ்வளவே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபெல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு சக்தி தேவை. பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சடித்திருக்கும் 'பிஎம்பிஓ' வாட்டுக்கு ஒழுங்கான வரையறையே கிடையாது, அதைப் படிக்காமல் இருப்பதே நல்லது. ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி எண்ணை, அதாவது ஒரே சக்திக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்பதைப் பாருங்கள். 87 டெசிபெல் ஸ்பீக்கரில் கிடைக்கும் சத்தம் 90 டெசிபெல் ஸ்பீக்கரில் பாதி வாட்டிலேயே கிடைத்துவிடும்.

பெரிய சப்வூஃபருக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. ஒலியின் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, ஹெர்ட்ஸில் சொல்வது) பாதியாகக் குறையும்போது, அதே சத்தத்தைத் தர நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. 80 ஹெர்ட்ஸிலிருந்து 40க்கு இறங்க நான்கு மடங்கு, அங்கிருந்து 20க்கு இன்னொரு நான்கு மடங்கு. சின்னக் கூம்பு மூச்சுத் திணறும் இடம் அது. ஆனால் சோபாவில் பேஸ் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இது காரணமில்லை. காரணம் அறை.

15 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரமுள்ள ஒரு ஹாலை எடுத்துக்கொள்வோம். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 1,140 அடி போகும். 38 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 30 அடி, அதாவது ஹாலின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு. இந்த ஒலி எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வரும்போது, போகிற அலையும் வருகிற அலையும் ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்து, நகராத ஒரு அமைப்பாகிவிடுகின்றன. அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு பக்கம் லேசாகத் தூக்கி விடுங்கள். தண்ணீர் இரு ஓரங்களிலும் மாறி மாறி ஏறி இறங்கும், நடுவில் மட்டம் அசையாது. அறையில் காற்றழுத்தமும் அப்படித்தான். சுவரோரம் 38 ஹெர்ட்ஸ் உச்சத்தில் இருக்கும், அறையின் சரிபாதியில் ஏறத்தாழ இருக்கவே இருக்காது. அகலவாக்கில் இதே கதை 47 ஹெர்ட்ஸிலும், தரைக்கும் கூரைக்கும் இடையே 57 ஹெர்ட்ஸிலும் நடக்கும். மூன்றுக்கும் உச்சம் சேரும் இடம் மூலை. காதை அடைக்கிறது என்றவர் உட்கார்ந்திருந்தது அங்கேதான்.

இப்போது சோபாவைப் பாருங்கள். டிவி ஒரு 12 அடிச் சுவரில், சோபா ஹாலின் நட்டநடுவில் என்றால் 38 ஹெர்ட்ஸ் உங்களுக்குக் கிடையாது. எந்த விலைக்கு வாங்கிய சப்வூஃபராக இருந்தாலும் சரி. நம் வழக்கப்படி பின்சுவரை ஒட்டிப் போட்டிருந்தால், எல்லாம் சேர்ந்து 'பும் பும்' என்று ஒரே குரலில் கேட்கும். பின்சுவரிலிருந்து அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் தள்ளிப் போட்டால், நீளவாக்கில் எழும் முதல் இரண்டு அலைகளின் (38, 76 ஹெர்ட்ஸ்) உச்சமும் பள்ளமும் இல்லாத இடமாக அது அமையும். நடமாட இடைஞ்சல்தான். முடியாதவர்கள் ஒன்றிரண்டு அடியாவது நகர்த்தலாம்.

இந்த விஷயத்தில் அமெரிக்க யூடியூப் ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கே பல வீடுகளில் உட்சுவர் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது. பேஸ் வந்து மோதும்போது பலகை கொஞ்சம் வளைந்து கொடுத்து, ஒலியின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் எதையும் விழுங்காது, வந்ததைத் திருப்பி அனுப்பும். அதனால் நம் அறைகளில் உச்சமும் பள்ளமும் இன்னும் கூர்மை. ஹாலை ஒட்டிச் சாப்பாட்டு அறை திறந்தே இருந்தால் பேஸ் கொஞ்சம் அந்தப் பக்கம் கசியும். அதை அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்ளலாம். சுவரில் ஒட்டும் ஃபோம் துண்டுகள் கைதட்டினால் வரும் எதிரொலியைக் குறைக்கும், திரைச்சீலையும் கம்பளமும் அதைச் செய்யும். 30 அடி அலைக்கு முன்னால் இரண்டு அங்குல ஃபோம் எம்மாத்திரம்?

சோபாவை நகர்த்த முடியாவிட்டால் சப்வூஃபரை நகர்த்தலாம். எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவின் மேல், நீங்கள் உட்காரும் இடத்திலேயே வையுங்கள். 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சோதனை ஒலியையோ, நன்கு பழகிய ஒரு பேஸ் கிட்டார் பகுதியையோ ஓட விடுங்கள். அப்புறம் சுவரோரமாகத் தவழ்ந்து, காதைத் தரைக்கு அருகில் வைத்துக் கேட்டுக்கொண்டே போங்கள். (விருந்தாளிகள் இல்லாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.) ஓர் இடத்தில் ஒரே சுரம் மட்டும் உறுமும், இரண்டடி தள்ளினால் அது மறைந்துவிடும். எல்லாச் சுரமும் ஏறக்குறைய சமமாகக் கேட்கும் இடத்தில் சாக்பீஸால் குறி போடுங்கள். சப்வூஃபர் இருக்க வேண்டிய இடம் அது. ஒலி பிறக்கும் இடத்தையும் கேட்கும் இடத்தையும் மாற்றி வைத்தாலும் இரண்டுக்கும் நடுவே அறை செய்யும் வேலை மாறாது. இயற்பியலாளர்கள் ஹெல்ம்ஹோல்ட்ஸும் ராலேயும் 19ஆம் நூற்றாண்டிலேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

பணம் செலவழித்தே தீருவேன் என்பவருக்கு என் யோசனை, பெரிய ஒன்றை விட நடுத்தரமான இரண்டு. ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த டாட் வெல்டி 2002இல் இதைக் கணினியில் ஆராய்ந்தார். செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்றாக இரண்டு வைத்தாலே பேஸ் இருக்கைக்கு இருக்கை மாறுவது நன்றாகக் குறைகிறது, நான்குக்கு மேல் போனால் பெரிய லாபமில்லை என்று கண்டார். தட்டை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஓரத்தில் தண்ணீர் ஏறும்போது மறு ஓரத்தில் இறங்குகிறது. இரண்டு ஓரத்தையும் ஒரே நேரத்தில் அழுத்தினால் அந்த ஊசலாட்டமே தொடங்காது. முன்சுவரிலும் பின்சுவரிலும் ஒரே தாளத்தில் இயங்கும் சப்வூஃபர்கள் 38 ஹெர்ட்ஸ் ஊசலாட்டத்தை இப்படித்தான் அமுக்குகின்றன. அகலத்தின் நடுவில், அதாவது அகலவாக்கு அலையின் மட்டம் அசையாத இடத்தில், இருப்பதால் 47 ஹெர்ட்ஸையும் அவை கிளப்புவதில்லை.

இதற்குப் பிறகுதான் ரிசீவரோடு (எல்லா ஸ்பீக்கர்களையும் இயக்கும் பெட்டி) வரும் அளவீட்டு மைக்கை எடுக்க வேண்டும். ஆடிஸி, டிராக் போன்ற அறைத் திருத்த மென்பொருள்கள் உச்சங்களை அழகாகச் சீவிவிடும். பள்ளத்தை அவற்றால் நிரப்ப முடியாது. அங்கே நேரே வரும் ஒலியும் மோதி வரும் ஒலியும் ஒன்றையொன்று அழிக்கின்றன. வால்யூமைக் கூட்டினால் அழிக்கும் ஒலியும் சேர்ந்தே கூடும். 10 டெசிபெல் ஏற்றிப் பார்த்தால் ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு உழைத்துச் சூடாவதுதான் மிச்சம்.

தானாக அளந்தபின் ரிசீவர் சில சமயம் முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' (பேஸையும் தாங்களே தரும் பெரியவை) என்று பதிந்துவிடும். அதை 'ஸ்மால்' ஆக்கி, கிராஸ்ஓவரை, அதாவது ஒலி சப்வூஃபருக்குக் கைமாறும் எல்லையை, 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் பிடிக்காது. சப்வூஃபர் சோபாவுக்குப் பின்னால் இருந்தாலும் இடி திரையிலிருந்து வருவது போலவே இருக்கும்.

இவ்வளவும் செய்தபின் கையில் பணம் மிச்சம் இருந்தால், அதைச் சென்டர் ஸ்பீக்கரில் போடுங்கள். படத்தின் வசனம் பெரும்பாலும் அந்த ஒன்றின் வழியாகத்தான் வருகிறது. பல வீடுகளில் அது டிவிக்குக் கீழே அலமாரியின் உள்தட்டில், முழங்காலைப் பார்த்தபடி கிடக்கிறது. அலமாரியின் விளிம்பு வரை முன்னால் இழுத்து, அடியில் சின்னக் கட்டை கொடுத்துக் காதை நோக்கிச் சாய்த்துக் கேட்டுவிட்டு அப்புறம் கடைக்குப் போகலாம்.