பனிச்சறுக்குக்குப் புறப்படும் முன் ஹெல்மெட்டையும் கவனியுங்கள்

ஜனவரி பிறந்தால் தில்லியில் மூடுபனியும் பள்ளி விடுமுறையும் சேர்ந்தே வருகின்றன. ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் வசிக்கும் நம்மவர் குடும்பங்கள் பலவும் குல்மார்க், அவுலி, சோலாங் என்று பனிமலைகளுக்குக் கிளம்பிவிடுகின்றன. தலைக்காயங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவன் என்ற முறையில் நான் கவனித்த ஒன்று உண்டு: ஜாக்கெட்டுக்கும் கையுறைக்கும் கடைகடையாக ஏறி இறங்குபவர்கள், ஹெல்மெட்டை மட்டும் வாடகைக் கடையில் கையில் கிடைத்ததை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் அதையும் செய்வதில்லை.

“கற்றுக்கொள்பவர்களுக்கான சரிவில்தானே நின்றோம், டாக்டர்?” என்பதே வழக்கமான பதில். புதியவர்தான் கால் வழுக்கி மல்லாந்து விழுகிறார். பலர் சறுக்கி இறுகிப்போன பனியில் பின்மண்டை மோதுகிறது. ஹாலிவுட் நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவில் அத்தகைய எளிய சரிவொன்றில்தான் விழுந்தார். ஹெல்மெட் அணிந்திருக்கவில்லை. விழுந்தவுடன் இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தவர், மண்டையோட்டுக்கும் மூளையுறைக்கும் இடையே ஏற்பட்ட இரத்தக்கசிவால் இரண்டு நாட்களில் உயிரிழந்தார்.

ஹெல்மெட் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அது பனிச்சறுக்கில் தலைக்காய வாய்ப்பை ஏறத்தாழ 35 சதவீதம் குறைப்பதாகக் கண்டறிந்தது. குறைவான பலன் அன்று. ஆனால் ஐரோப்பியத் தரச் சோதனையில் ஹெல்மெட்டை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்துதான் போடுகிறார்கள். மோதும் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைக்கூட எட்டுவதில்லை. 2013 டிசம்பரில் பிரான்சில் பனிச்சறுக்கின்போது பாறையில் தலை மோதிய கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் ஹெல்மெட் அணிந்துதான் இருந்தார். தலையில் கவசம் இருக்கிறதென்று வேகத்தைக் கூட்டுவது அதன் பயனைக் கெடுத்துக்கொள்வதே.

வீட்டிலிருக்கும் பைக் ஹெல்மெட்டையே எடுத்துச் செல்லலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். அதிலுள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரை சாலை விபத்தைக் கருதித் தரப்படுவது. பனியில் அதன் எடை கழுத்தைச் சோர்வடையச் செய்யும், கண்ணாடியில் ஆவி படியும், பின்னால் வருபவரின் சத்தமும் சரியாகக் கேட்காது. பனிச்சறுக்கு ஹெல்மெட்டைக் கடுங்குளிரில் உறையவைத்தும் சோதிக்கிறார்கள். கூர்முனை துளைக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். உட்புறத்தில் ஐரோப்பியத் தரக்குறியான ஈ.என். 1077 (EN 1077) அல்லது அமெரிக்கத் தரக்குறியான ஏ.எஸ்.டி.எம். எஃப் 2040 (ASTM F2040) என்று அச்சிட்டிருந்தால் அது பனிக்கானது. ஈ.என். 1077இல் ஏ, பி என இரு வகைகள் உண்டு. ஏ வகை தலையில் அதிகப் பரப்பை மூடுவதால் புதியவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

முத்திரையைவிட அதிகம் கோட்டைவிடப்படுவது அளவு. புருவத்துக்குச் சற்று மேலே, காதுகளுக்கு மேலாகத் தையல்காரரின் டேப்பைச் சுற்றி அளந்து, அந்த சென்டிமீட்டர் கணக்கில் தேர்ந்தெடுங்கள். பட்டையைப் பூட்டாமல் தலையை ஆட்டும்போது நெற்றித் தோலும் ஹெல்மெட்டோடு சேர்ந்து அசைய வேண்டும்; ஹெல்மெட் மட்டும் தனியே சுழன்றால் அது பெரியது. பூட்டிய பின் தாடைக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விரல் நுழைந்தால் போதும். நம் வீடுகளில் குளிர் என்றாலே மங்கி குல்லாவை எடுத்துவிடுவோம். அதன் மேல் மாட்டிய ஹெல்மெட் விழும்போது எளிதாக நழுவிவிடும். உயரத் தூக்கிப் போட்ட கொண்டைக்கும் இதே கதைதான். பின்னலைக் கழுத்தோடு தாழ்த்திப் போடலாம். வளரும் பிள்ளை என்று ஓர் அளவு பெரிதாக வாங்குவது சட்டைக்குச் சரி, ஹெல்மெட்டுக்கு ஆகாது.

என்னிடம் வந்த இளைஞர் ஒருவர் தான் அணிந்திருந்த ஹெல்மெட்டையும் கொண்டுவந்திருந்தார். வெளி ஓட்டில் கீறல்கூட இல்லை; உள்துணியை விலக்கியதும், பின்பக்கத்து தெர்மோகோல் போன்ற நுரை கட்டைவிரலால் அழுத்தியதுபோல் அமுங்கி, ஓரத்தில் மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. அடியின் விசையை வாங்குவது அந்த நுரைதான். அமுங்கிய நுரை மீண்டும் எழாது; பலத்த அடி ஒன்றை வாங்கிய ஹெல்மெட் அத்துடன் தன் வேலையை முடித்துவிடுகிறது. ஆகவே வாடகைக் கடையில் உள்துணியை விலக்கி நுரையைத் தடவிப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் வேறொன்று கேளுங்கள். பிள்ளைகளுக்கு மட்டுமாவது சொந்தமாக ஒன்றை இங்கேயே அளந்து வாங்கிச் செல்வது நல்லது. அங்கே சின்னத் தலைக்குச் சரியான அளவு கிடைக்கும் என்று நம்பிப் போக முடியாது.