மேல்மண்ணை விற்றுவிட்டு யூரியாவைத் தேடாதீர்கள்

மேல்மண்ணை விற்ற வயலிலிருந்து எங்கள் நிலையத்துக்கு வரும் மண் மாதிரிகளில், இந்த மாதத்தில் இது நான்காவது. பையைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. வெளிறிய மண், கட்டி கட்டியாக, ஒரு வேர்த்துணுக்குகூட இல்லை.

"மண் எடுத்தீங்களா ஐயா?" என்றேன்.

"செங்கல் சூளைக்கு அரை அடி கொடுத்தேம்மா. அதனால என்ன, அடியிலயும் மண்ணுதானே இருக்கு? ரெண்டு மூட்டை யூரியா சேர்த்துப் போட்டா சரியாயிடும்."

சரியாகாது. மண் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்த நாளிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு ஏக்கரில் அரை அடி என்றால் 200 யூனிட்டுக்கு (ஒரு யூனிட் 100 கன அடி) மேல், ஏறக்குறைய 800 டன் மண். அதில் அங்ககக் கரிமம், அதாவது மக்கிய இலைதழை, சாணம் போன்றவற்றிலிருந்து மண்ணில் சேரும் கரிமம், வெறும் 0.5 சதவீதம் என்று வைத்தாலும் 4 டன் கரிமம் லாரியில் ஏறிப் போய்விட்டது. நாங்கள் தரும் மண் பரிசோதனை அட்டையில் 0.5-க்குக் கீழே இருந்தாலே 'குறைவு' என்றுதான் எழுதுவோம். அவருடைய மாதிரியில் இருந்தது 0.2. ஒரு 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது 21 கிலோவுக்குச் சற்றுக் குறைந்த தழைச்சத்து (நைட்ரஜன்), அவ்வளவுதான். மக்கு, அதாவது மக்கிய அங்ககப் பொருள், அதில் இல்லை, நுண்ணுயிரும் இல்லை, மண்புழுவும் இல்லை. மணிச்சத்து (பாஸ்பரஸ்), துத்தநாகம் எதுவும் இல்லை. நிலம் பசியில் கிடக்கும்போது பயிருக்கு மட்டும் ஒரு வாய் ஊட்டுகிறீர்கள்.

அந்த ஒரு வாயும் முழுதாகப் பயிருக்குப் போவதில்லை. பிடித்துவைக்க மக்கு இல்லாத மண்ணில் ஒரு பங்கு காற்றோடு போகும், ஒரு பங்கு நைட்ரேட்டாகக் கீழே இறங்கிக் கிணற்றைச் சேரும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் முதலில் ஆபத்து கைக்குழந்தைகளுக்கு.

மழைநீர் உள்ளே இறங்காமல் மேலே தேங்குவதும், பள்ளமாகிப்போன வயலால் பக்கத்து வயலின் வரப்பு சரிவதும், அதனால் வரும் பங்காளிச் சண்டையும் தனிக்கதை. குத்தகை நிலமென்றால் இன்னும் கொடுமை. மண் காசு உடையவருக்கு, மகசூல் நஷ்டம் உழுகிறவருக்கு.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? முதலில் யூரியா மூட்டையைக் கீழே வையுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு (பசுந்தாள் உரப் பயிர்) விதைத்து, பூக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மடக்கி உழுங்கள். தொழுவுரம் கிடைக்கும் அளவு போடுங்கள். வைக்கோலைக் கொளுத்தாதீர்கள். ஒரே போகத்தில் தேறாது, வருஷக்கணக்கில் செய்ய வேண்டும்.

அப்புறம், மாதிரி எடுக்கும்போது வரப்போரத்தில் ஒரு கைப்பிடி அள்ளி வராதீர்கள். வயலில் பத்து இடத்தில் 'வி' வடிவில் அரை அடிக் குழி வெட்டி, மேலிருந்து கீழ்வரை சீவி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து, கால்பங்கு முறையில் (நான்கு பங்காக்கி, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளித் தள்ளி) அரைக் கிலோவாகக் குறைத்துக் கொண்டுவாருங்கள். எருக்குழி பக்கமும் மரநிழலும் வேண்டாம்.

இன்னும் கொடுக்காதவர்களிடம் ஒரே வேண்டுகோள். சூளைக்காரர் முன்பணத்தோடு வாசலில் நின்றால், ஒரு வாரம் தவணை கேளுங்கள். அந்த வாரத்துக்குள் மண்ணை எங்களிடம் கொண்டுவந்து காட்டுங்கள்.