கசிவை நிறுத்துவது கிளேஸ் அல்ல, மண்

பூச்சாடி வைத்த இடத்தில் மரம் ஊறிப்போகிறது. குவளையைத் தூக்கினால் மேசையில் ஈர வளையம். மைக்ரோவேவில் வைத்தால் காபியைவிடக் கைப்பிடி அதிகம் சுடுகிறது. ஓயாமல் வரும் இந்தப் புகார்களுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: மண் முற்றவில்லை, அதாவது சூளையில் துளையில்லாமல் இறுகும் அளவுக்குச் சுடப்படவில்லை. ஆனால் கேட்கிற கேள்வியோ, "இன்னொரு கை கிளேஸ் பூசினால் நின்றுவிடுமா?"

நிற்காது. கிளேஸ் என்பது மண்மேல் உருகிப் படிந்த மெல்லிய கண்ணாடி. ஆறும்போது மண்ணைவிட அது அதிகம் சுருங்கினால் முடி போன்ற விரிசல் விடும். சில விரிசல்கள் வாரக்கணக்கில் கழித்தே தெரியவரும். விரிசலே இல்லையென்று வைத்துக்கொள்ளுங்கள். சூளைத் தட்டில் ஒட்டாமலிருக்க அடி வளையத்தில் கிளேஸைத் துடைத்துவிட்டுத்தானே சூளையில் வைக்கிறோம்? ஒவ்வொரு முறை கழுவும்போதும் அந்த வழியாகத் தண்ணீர் ஏறும். எத்தனை கை பூசினாலும் இது மாறாது.

அடுத்தது, மண் மூட்டையில் அச்சடித்த "கோன் 5 முதல் 10 வரை". கோன் என்பது சூளையில் குறிப்பிட்ட சூட்டில் வளையும் சிறு கூம்பு, அதன் எண்தான் சூட்டின் அளவு. அதை நம்பி 6-இல் சுட்டு ஏமாறாதவர் குறைவு. கோன் 10-இல் இறுகும் மண் 6-இல் துளைகளோடுதான் நிற்கும். 6-இல் இறுகும் மண் 10-இல் கொப்பளித்துச் சரியும். கோன் 6-இல் சுடுகிறீர்களா, 6-இல் முற்றும் மண்ணையே வாங்குங்கள்.

வாங்கியதையும் சோதியுங்கள். அந்த மண்ணில் செய்த, கிளேஸ் இல்லாத மூன்று பட்டைகளைச் சுட்டு எடை போடுங்கள். 5 மணி நேரம் கொதிக்கவைத்து, அதே தண்ணீரில் 24 மணி நேரம் ஊறவிட்டு, ஈரத்துணியால் ஒற்றி மறுபடி எடை போடுங்கள். 200 கிராம் 203 ஆனால் உறிஞ்சல் 1.5 சதவீதம். குவளைக்கும் பூச்சாடிக்கும் 2-ஐத் தாண்டக் கூடாது. 1 என்றால் நிம்மதி. ஒவ்வொரு புது மூட்டைக்கும் இதைச் செய்ய வேண்டும்.

பிஸ்க் சூடு, அதாவது கிளேஸ் பூசுவதற்கு முந்தைய முதல் சூடு, கோன் 04, அதாவது சுமார் 1060 டிகிரி. முன்னாலிருக்கும் பூஜ்யத்தை விழுங்கிவிடாதீர்கள், கோன் 4 வேறு! 700 முதல் 900 வரை மெதுவாக ஏற்றி, காற்றுத் துளையைத் திறந்தே வையுங்கள். மண்ணிலுள்ள கரி அங்கே எரிந்து போகாவிட்டால் கிளேஸ் சூட்டில் வாயுவாகி மண்ணை உப்பவைக்கும்.

கிளேஸ் பூசியபின் சுடும் கிளேஸ் சூட்டில், எட்டிய சூட்டை வளைந்து காட்டும் 5, 6, 7 சாட்சிக் கோன்கள் ஒவ்வொரு தட்டிலும் நிற்கட்டும். கோன் 6 சுமார் 1220 டிகிரிதான், ஆனால் கருவி காட்டும் எண் போதாது. ஏற்றிய வேகமும் நிறுத்திய நேரமும் சேர்ந்ததே சூடு. மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் ஒரு கோன் வித்தியாசம் சாதாரணம். "எதற்கும் கொஞ்சம் கூட" என்று ஏற்றவும் வேண்டாம். இரும்பு மிகுந்த கறுப்பு மண் சீக்கிரம் உப்பிவிடும்.

தாழ்சூட்டு மண்ணின் துண்டு தவறிக்கூட இந்தச் சூளைக்குள் போகக் கூடாது. உருகித் தட்டையே கெடுத்துவிடும். வாளிகளில் பெயர் எழுதுங்கள். காய்ந்த மண்தூசியைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கினால் திரும்பாது.

ஏற்கெனவே கசியும் பாத்திரம் இருக்கிறதா? 6-க்கான மண் 5-இல் நின்றிருந்தால் மறுபடி 6-க்குச் சுட்டுப் பார்க்கலாம். உறிஞ்சிய தண்ணீர் முழுக்க வெளியேறும்படி முதலில் 100 டிகிரிக்குக் கீழே பல மணி நேரம் காயவிடுங்கள், இல்லையென்றால் வெடிக்கும். கோன் 10 மண் என்றால் 6-இல் எத்தனை முறை சுட்டாலும் பயனில்லை. தயவுசெய்து அதைக் குவளையென்று யாருக்கும் விற்காதீர்கள்.