வகுக்காமலே பகா எண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

தி.நகரின் பின்கோடு 600017. இலக்கங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டுங்கள்: 6+0+1 = 7, 0+0+7 = 7. இரண்டும் சமம் என்பதால் 11 அதை மீதியில்லாமல் வகுக்கும். பாரிமுனையின் 600001 கொஞ்சம் அழுத்தமான ஆள். ஆனாலும் 19 × 23 × 1373 என்று உடைந்துவிடும். பெரம்பூரின் 600011 உடையவே உடையாது. அது பகா எண். கையால் நிரூபிக்க வேண்டுமென்றால் அதன் வர்க்கமூலம் வரை, அதாவது 774 வரை, உள்ள 137 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டும்.

ஆறு இலக்கத்துக்கே இந்தப் பாடு. 2024 அக்டோபரில் லூக் டியூரன்ட் கண்டுபிடித்த பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். 2-ஐ 13,62,79,841 முறை பெருக்கி, 1-ஐக் கழித்தால் கிடைப்பது அது. நொடிக்கு ஓர் இலக்கம் என்று தூங்காமல் வாசித்தாலும் முடிக்க 474 நாளுக்கு மேல் ஆகும். அதன் வால் மட்டும் நம் கைக்கு எட்டும். 2-இன் அடுக்குகளில் 4-க்குப் பிறகு கடைசி இரண்டு இலக்கங்கள் இருபது படிக்கு ஒருமுறை திரும்ப வரும். 13,62,79,841-ஐ 20-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே 21-ஆம் அடுக்கைப் பார்த்தால் போதும்: 20,97,152. 52-இலிருந்து 1 போனால் 51. அந்த ராட்சச எண் 51-இல்தான் முடிகிறது.

சரி, அது பகா எண்தான் என்று எப்படித் தெரியும்? வகுத்துப் பார்ப்பதெல்லாம் நடக்கிற காரியமல்ல. எடுவார் லூக்கா 1878-இல் ஒரு குறுக்குவழி சொன்னார்; 1930-இல் டெரிக் லெமர் அதைச் செப்பனிட்டு நிரூபித்தார். 31-ஐ வைத்துப் பார்ப்போம். அது 2-இன் 5-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. 4-இல் தொடங்கி, வர்க்கமாக்கி 2-ஐக் கழிக்க வேண்டும், 31-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் 14. அடுத்து 194, மீதி 8. அப்புறம் 62, மீதி 0. அடுக்கைவிட இரண்டு குறைவான படிகள் போதும்; அடுக்கு 5 என்பதால் மூன்றே படி. கடைசியில் பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. எந்த எண் வகுக்கும் என்று மட்டும் இது சொல்லாது. 2-இன் 11-ஆம் அடுக்கில் ஒன்று குறைவான 2047-க்குப் பூஜ்யம் வராது; ஆனால் அது 23 × 89 என்பதை நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால் இதைவிட அழகு அந்த மீதி எடுக்கும் விதம். 194 என்பது ஆறு 32-உம் ஒரு 2-உம். 31-ஆல் வகுத்த மீதி வேண்டுமா? ஒவ்வொரு 32-உம் மீதி 1 தரும். ஆகவே 6+2 = 8, வேலை முடிந்தது. கணினிக்கு 32 என்பது 2-இன் அடுக்கு. இரும எண்ணை இரண்டு துண்டாக வெட்டிக் கூட்டினால் ஆயிற்று, வகுத்தலே தேவையில்லை. சமீப காலத்துச் சாதனை எண்களெல்லாம் பெரும்பாலும் 2-இன் அடுக்கில் ஒன்று குறைவு என்ற இந்த ஒரே வடிவத்தில் இருப்பது இதனால்தான்.

எந்த வடிவ எண்ணுக்கும் பொருந்தும் வழியை 2002-இல் ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் தந்தார்கள். கோட்பாட்டில் பெரிய பாய்ச்சல். நடைமுறையில் நான்கு கோடி இலக்கத்துக்கு அது ரொம்பவே மெதுவு.

மெர்சென் பகா எண்கள் எனப்படும் இந்த வகையில் டியூரன்டின் எண்ணை 52-ஆவது என்று எழுதும்போது, அறியப்பட்டவற்றில் 52-ஆவது என்றே கவனமாக எழுதுகிறார்கள். அதற்குக் கீழே உள்ள எல்லா அடுக்குகளும் இன்னும் இருமுறை சரிபார்க்கப்படவில்லை. இடையில் ஒன்று நழுவியிருக்கலாம்.