பெரிய டிவியை மானிட்டரா போட்டா எழுத்து ஏன் மங்குது?

பெரிய டிவியை எச்டிஎம்ஐ கேபிள் போட்டு கம்ப்யூட்டர்ல மாட்டினதும் படம் என்னமோ பளபளன்னுதான் வரும், ஆனா ஒரு டாக்குமென்ட்டைத் திறந்து நாலு வரி படிச்சுப் பாத்தா கண்ணு உறுத்த ஆரம்பிச்சிடும். எழுத்தோட ஓரமெல்லாம் பிசிறடிக்கும், டாஸ்க்பார் பாதி கீழ போய் ஒளிஞ்சிருக்கும், மவுஸை நகத்தினா அம்புக்குறி கொஞ்சம் லேட்டா இழுத்துக்கிட்டே வரும். உடனே இதெல்லாம் சினிமா பாக்கத்தான் லாயக்குன்னு கழட்டி வச்சிடறாங்க. பாவம், பேனல் (படம் தெரியற அந்தத் திரை) பெரும்பாலும் நல்ல பேனல்தான். அதுக்கு முன்னாடி உக்காந்திருக்கிற ப்ராசஸர்தான் வர்ற படத்துல எல்லாம் கை வைக்குது, அப்படி கை வச்சு அழகுபடுத்தத்தான் டிவியையே டிசைன் பண்றாங்க. நமக்கு வேண்டியது அது சும்மா இருக்கறது. எங்கெங்க கை வைக்குதுன்னு தெரிஞ்சுட்டா ஒவ்வொண்ணா நிறுத்திடலாம்.

முதல்ல ஓவர்ஸ்கேன். பழைய பிக்சர் ட்யூப் டிவில படத்தோட ஓரம் ஒரே சீரா நிக்காது, அதனால படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி ஓரத்தை ஃப்ரேமுக்குப் பின்னாடி தள்ளி மறைச்சாங்க. ட்யூப் போய் வருஷக்கணக்காச்சு, இந்தப் பழக்கம் மட்டும் இன்னும் நிறைய டிவில அப்படியே இருக்கு. ஓரம் வெட்டுப்படறதுதான் கண்ணுக்குத் தெரியற நஷ்டம், அதைவிடப் பெரிய நஷ்டம் உள்ள நடக்குது. ஒரு எழுத்தோட நெட்டுக்கோடு சரியா 1 பிக்சல் (திரையில இருக்கிற ஒரு குட்டிப் புள்ளி) அகலம்னு வைங்க. படத்தை 5 சதவீதம் பெருசாக்கினா அந்தக் கோடு 1.05 பிக்சல் ஆகணும், ஆனா பேனல்ல அரை பிக்சல் கால் பிக்சல்னு எதுவும் கிடையாது, அதனால ப்ராசஸர் அந்தக் கறுப்பைப் பக்கத்துப் பக்கத்து ரெண்டு பிக்சலுக்குப் பங்கு போட்டுடுது. ஒரு கூர்மையான கறுப்புக்கோடு போய் ரெண்டு சாம்பல் கோடா வந்து நிக்குது. ஸ்க்ரீன்ல இருக்கிற ஒவ்வொரு எழுத்துக்கும் இதேதான். டிவி மெனுல ஸ்க்ரீன் ஃபிட், ஜஸ்ட் ஸ்கேன், ஃபுல் பிக்சல்னு ஏதாவது ஒரு பேர்ல இதை நிறுத்தற வழி இருக்கும், அதைப் போட்டதுமே பாதி மங்கல் போயிடும்.

அடுத்தது கலர். நம்ம கண்ணு வெளிச்ச வித்தியாசத்தை ரொம்ப நுணுக்கமா பிடிக்கும், கலர் வித்தியாசத்தை அவ்வளவு நுணுக்கமா பிடிக்காது. இதை வச்சு வீடியோக்காரங்க ஒரு சிக்கனம் பண்றாங்க: ஒவ்வொரு பிக்சலுக்கும் வெளிச்சத்தைத் தனித்தனியா அனுப்பிட்டு, கலரை மட்டும் ரெண்டு பிக்சலுக்கு ஒண்ணு (4:2:2), இல்லேன்னா நாலு பிக்சலுக்கு ஒண்ணுன்னு (4:2:0) அனுப்பிடறாங்க. சினிமாவுல இது தெரியவே தெரியாது, முகம் வானம் மரம் இதுல எல்லாம் கலர் மெதுவாத்தான மாறுது. ஆனா நீலப் பின்னணில சிவப்பு எழுத்து இருந்தா? ரெண்டுக்கும் வெளிச்சத்துல பெரிய வித்தியாசம் இல்ல, எழுத்தைக் காட்டறதே கலர்தான், அந்தக் கலரைத்தான் பாதியா கால்வாசியா குறைச்சாச்சு. எழுத்து கரைஞ்சு போயிடும். கம்ப்யூட்டர் முழுக் கலரையும் 4:4:4ல அனுப்பினாக்கூட நிறைய டிவி உள்ள வாங்கினதும் குறைச்சுட்டுத்தான் காட்டும். பல டிவில அந்த எச்டிஎம்ஐ இன்புட்டுக்கு பிசின்னு பேர் மாத்தி வச்சாலே போதும், அது வெறும் பேர் மாத்தற மாதிரி தெரிஞ்சாலும் உள்ள இந்தக் குறைக்கற வேலையை நிறுத்திடுது. மெனுல ஒளிஞ்சு கிடக்கற இந்த ஒரு விஷயத்தை டப்பா மேலயே பெரிய எழுத்துல போடணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

கேபிளும் இதுல சேந்ததுதான். 4கே படத்துல 3840க்கு 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல், ஒவ்வொண்ணுக்கும் 24 பிட், செகண்டுக்கு 60 தடவைன்னா கிட்டத்தட்ட 12 கிகாபிட் ஆகுது, அதுக்கு மேல சிக்னலுக்கான உபரியும் உண்டு. எச்டிஎம்ஐயோட பழைய பதிப்பான 1.4 மொத்தமே 10.2 கிகாபிட்தான் தாங்கும், அதான் பழைய லேப்டாப்பை மாட்டினா 4கே வந்தாலும் 30 ஹெர்ட்ஸ்ல (செகண்டுக்கு 30 தடவை) நின்னு மவுஸ் தத்தித் தத்திப் போகுது. 2013ல வந்த 2.0 (18 கிகாபிட்) இருந்தா 60 ஹெர்ட்ஸ்ல முழுக் கலரோட ஓடும், 120 வேணும்னா 2.1.

கறுப்பு சாம்பலா வெளிறிப் போச்சுன்னாலோ, இருட்டான இடமெல்லாம் ஒரே கறுப்பா அப்பிப் போச்சுன்னாலோ அது ரேஞ்ச் பிரச்சனை, அதாவது கறுப்புல இருந்து வெள்ளை வரைக்கும் எந்த எண்ல இருந்து எந்த எண் வரைங்கிற கணக்கு. வீடியோல கறுப்பு 16, வெள்ளை 235. கம்ப்யூட்டர்ல 0, 255. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வச்சிட்டா சரியாயிடும். ஷார்ப்னஸையும் இறக்கிடுங்க, அது இல்லாத ஓரத்தை வரைஞ்சு எழுத்தைச் சுத்தி வெள்ளை வளையம் போடுது. நடுநிலை எங்கங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், சிலதுல 0, சிலதுல 50.

மவுஸ் லேட்டா வர்றதுக்குக் காரணம் கேட்டா சுவாரஸ்யமா இருக்கும். அசைவை வழுவழுன்னு காட்ட டிவி அடுத்தடுத்து வர்ற ரெண்டு ஃப்ரேமுக்கு (இங்க ஃப்ரேம்னா ஒரு தனிப் படம்) நடுவுல புதுசா ஒரு ஃப்ரேமைத் தானே கற்பனை பண்ணி சொருகுது. நடுவுல இருக்கறதைக் கற்பனை பண்ணணும்னா அடுத்த ஃப்ரேம் கையில இருக்கணும், அதனால வந்த ஃப்ரேமைக் காட்டாம பிடிச்சு வச்சிட்டு அடுத்தது வர்ற வரைக்கும் காத்திருக்கும். 60 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃப்ரேம் 16.7 மில்லிசெகண்ட், இப்படி நாலஞ்சு சேந்தா கை ஒரு பக்கமும் அம்பு ஒரு பக்கமுமா ஆயிடும். கேம் மோட் போட்டா இந்த வேலையெல்லாம் ஓரங்கட்டப்பட்டு படம் நேரா பேனலுக்குப் போகும்.

செட்டிங்ஸ்ல மாத்த முடியாததும் உண்டு, அதுல முக்கியமானது சைஸ். நல்ல பார்வை உள்ள கண்ணுக்கு டிகிரில 60ல ஒரு பங்கு வரைக்கும் பிரிச்சுப் பாக்க முடியும். அந்தக் கணக்குல 43 இஞ்ச் 4கே டிவில பிக்சல் தனியாத் தெரியாம இருக்க சுமார் 85 சென்டிமீட்டர் தள்ளி உக்காந்தா போதும், 55 இஞ்சுக்கு 110, அதே 40 இஞ்ச் வெறும் 1080பி (1920க்கு 1080 பிக்சல்) டிவின்னா 160 சென்டிமீட்டர் வேணும், மேஜை போட்டு வேலை பாக்கற தூரமே இல்ல அது. அதனால 1080பி பெரிய டிவியை மானிட்டரா வாங்கவே வாங்காதீங்கன்னு சொல்வேன். 48 இஞ்ச் 4கேன்னா நாலு 24 இஞ்ச் 1080பி மானிட்டரை நடுவுல கோடில்லாம ஒட்டினதுக்கு பிக்சல் கணக்குலயும் அளவுலயும் அப்படியே சமம், எக்செல்ல வேலை பாக்கறவங்களுக்கும் கோட் எழுதறவங்களுக்கும் இது பெரிய வரம்.

ஆனா ரொம்ப கிட்ட போகாதீங்க. 43 இஞ்ச் டிவி 95 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர்ல உக்காந்தா ரெண்டு ஓரத்தையும் கிட்டத்தட்ட 38 டிகிரி சாய்வாத்தான் பாக்கறோம், எல்சிடி பேனல்ல விஏ, ஐபிஎஸ்னு ரெண்டு வகை உண்டு, விஏ பேனல்ல அந்தச் சாய்வுலயே கலர் வெளுத்துடும், ஐபிஎஸ்ல அவ்வளவு தெரியாது. மேல் ஓரம் கண் மட்டத்தைத் தாண்டிட்டா கழுத்தும் வலிக்கும், முடிஞ்ச அளவு தாழ்த்தி வைங்க.

ஓஎல்இடி டிவின்னா கூடுதலா ரெண்டு விஷயம். முழு ஸ்க்ரீனும் வெள்ளையா இருந்தா மின்சாரமும் சூடும் ஏறும்னு அது தானாவே வெளிச்சத்தைக் குறைச்சுக்கும், டாக்குமென்ட்டைப் பெருசாக்கினதும் ஸ்க்ரீன் மங்கறது அதனாலதான், ரிப்பேர் இல்ல. இன்னொண்ணு, ஒவ்வொரு பிக்சலும் தானே எரிஞ்சு வெளிச்சம் தர்றதால எது அதிகமா எரியுதோ அது சீக்கிரம் தேயும். சினிமால படம் மாறிக்கிட்டே இருக்கும், எல்லாப் பிக்சலும் ஏறக்குறைய ஒண்ணாத் தேயும். டாஸ்க்பார் நாள்பூரா ஒரே இடத்துல நிக்குது, கொஞ்ச காலம் போனா அந்தப் பட்டையோட நிழல் வேற எதைத் திறந்தாலும் பின்னாடி தெரியும். டாஸ்க்பாரைத் தானா மறையற மாதிரி வச்சிடுங்க, வால்பேப்பர் கறுப்பா இருக்கட்டும். எழுந்து போனா ஸ்க்ரீனை ரிமோட்டாலயே அணைச்சிடுங்க, ஏன்னா கம்ப்யூட்டர் தூங்கினா மானிட்டர் மாதிரி டிவியும் உடனே கூட தூங்கும்னு நம்ப முடியாது, சிக்னல் இல்லன்னு போர்டு போட்டுக்கிட்டு எரிஞ்சுட்டு இருக்கும்.