கிரைண்டர் கிளப்பும் கல் தூசி: சிற்பிகள் கவனத்துக்கு

மாமல்லபுரத்துப் பட்டறைகளில் இப்போது உளிச் சத்தத்தைவிடக் கிரைண்டர் சத்தம்தான் அதிகம். கருங்கல்லில் கோடு போட்டு, வைர வட்டால் நெருக்கமாகக் கீறி, நடுவில் நிற்கும் துண்டுகளை உளியால் தட்டி எடுத்தால் நாள்கணக்கான வேலை சில மணி நேரத்தில் முடிகிறது. இதை விடச் சொல்வது நடக்காத காரியம். ஆனால் உளி கல்லைச் சில்லாக உடைக்கிறது. வட்டு மாவாக அரைக்கிறது.

கருங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. மணற்கல்லில் இன்னும் அதிகம். சலவைக்கல்லில் மிகக் குறைவு. மாக்கல் மென்மையானது என்று அசட்டையாக இருக்க வேண்டாம், சில வகைகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை கலந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் தூசி பெரும்பாலும் மூக்கிலேயே தங்கிவிடும். 5 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சிறியதுதான் நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பாகிறது. அதுதான் சிலிக்கோசிஸ். அந்தத் தழும்பை ஆற்ற மருந்து இல்லை. தூசியை விட்ட பிறகும் நோய் முற்றலாம்.

கல்லின் மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வெட்டுவது பலரும் செய்வது. பயன் குறைவு: மேல்பரப்புதான் நனையும், வட்டு இறங்குவது காய்ந்த கல்லுக்குள். வட்டு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் விடாமல் விழ வேண்டும். சாதாரண மின் கிரைண்டரில் இதைச் செய்தால் ஷாக் அடிக்கலாம். கம்ப்ரஸர் காற்றில் ஓடும் கிரைண்டரே சரி. அது இல்லாதவர்கள் வட்டைச் சுற்றி உறை மாட்டி, நுண்தூசியையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவத்தோடு இணைக்கலாம். மெருகேற்றுவதையும் ஈரத்திலேயே செய்யுங்கள்.

முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. என்95 மாஸ்க்கின் மேல்பட்டை பின்தலையிலும் கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே பின்கழுத்திலும் இருக்க வேண்டும். கீழ்ப்பட்டை தாடையடியில் தொங்கினால் ஓரத்தில் காற்று புகும். தாடி இருந்தாலும் அப்படித்தான். நாள் முழுக்க வெட்டுபவருக்கு, வடிகட்டி மாற்றக்கூடிய ரப்பர் மாஸ்க்தான் தேவை. மாலையில் கம்ப்ரஸர் காற்றால் உடம்பிலுள்ள தூசியை ஊதிவிடுவது மோசமான பழக்கம்; அடங்கிய தூசி மறுபடி மூக்குக்கே வரும். தரையையும் நனைத்த பிறகே பெருக்குங்கள்.

வறட்டு இருமல், படியேறினால் மூச்சிரைப்பு என்று மருத்துவரிடம் போனால் கல் வேலை செய்வதை முதலில் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸும் காசநோயும் ஒன்றுபோலத் தெரியலாம். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் தொற்றவும் செய்யும். ஆகவே சளிப் பரிசோதனையும் வேண்டும். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள். மாற்றத்தைக் கண்டுபிடிக்க மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.